கிடைக்குமா டீச்சர்?

பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாக வாசியுங்கள். வீட்டில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் இப்போதே வாசியுங்கள்.

ரிசல்ட் வந்த அன்று காலையிலிருந்து என் போன் ஓயவே இல்லை. நான் ரிட்டயர் ஆகிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனாலும் மே மாதம் வந்தால் யாராவது ஒருவர் மார்க்கைச் சொல்லி, "கிடைக்குமா டீச்சர்?" என்று கேட்காமல் இருப்பதில்லை. அன்றைக்கு முதலில் கூப்பிட்டவன் சேரன்மகாதேவியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பத்தாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவன். தவளை அறுத்த அன்று வகுப்பைவிட்டு ஓடிப்போனவன் என்றால் அவன் செட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

"டீச்சர், நல்லா இருக்கியளா? மகளுக்கு ரிசல்ட் வந்துட்டு. நர்சிங்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. கவர்மெண்ட்ல கிடைக்குமா?"

"மார்க்கச் சொல்லுடே."

உயிரியல் 91, இயற்பியல் 78, வேதியியல் 84. நோட்டின் ஓரத்தில் எழுதிக் கூட்டினேன். தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி நர்சிங்குக்கு உயிரியல் மார்க் முழுசாகச் சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 91, 39, 42. ஆக 200-க்கு 172. இந்தக் கணக்கு அரை நிமிஷ வேலை. அடுத்த வார்த்தையைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. அவனோ நான் சொல்லப்போவதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிறான்.

"இரு. சாயங்காலம் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போனிலேயே ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரரிடம் தவிர வேறு யாரிடமும் இதுவரை நான் சொன்னதில்லை.

2009-ல் நான் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து படித்தாள். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றித்தான் வீடு நடந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் போனால் அவளும் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டுதான் படிப்பாள். அவளுடைய ரெக்கார்டு நோட்டைத் திறந்தால் புகையிலைத் தூள் வாசனை வரும். அப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் 200 மார்க். உயிரியலில் 176, இயற்பியலில் 150, வேதியியலில் 158 வாங்கியிருந்தாள். கட்-ஆப் 165.

மார்க் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "நர்சிங் போடலாமா டீச்சர்?" என்று கேட்டாள். முந்தைய வருஷத்துக் கட்-ஆப்பைப் பேப்பரிலிருந்து வெட்டி, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். அதைப் பார்த்தேன். அவள் மார்க் அதற்குக் கீழே இருந்தது. "உனக்கு வராதும்மா. ஐகிரவுண்டுக்குப் போயி விண்ணப்பம் வாங்கி, டி.டி எடுத்து, கவுன்சிலிங்குக்கு மெட்ராஸ் கீழ்ப்பாக்கம் வரைக்கும் போவணும். ஒங்க அம்மாவுக்கு எதுக்கு வீண் செலவு? வேற எதாவது படி" என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவள், "சரி டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து ஊர் டீச்சர் ஒருத்தியைப் பார்த்தேன். அவள் மாணவி ஒருத்திக்கு கவர்மெண்ட் ஒதுக்கீட்டில் நர்சிங் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாள். கட்-ஆப் எவ்வளவு என்று கேட்டேன். 163. நான் அனுப்பாத பிள்ளையும் அதே எம்.பி.சி பிரிவுதான். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன், இலையில் என்ன இருந்தது என்றுகூட இன்றைக்கு ஞாபகம் இல்லை.

நான் வெட்டி வைத்திருந்த எண் ஓப்பன் பிரிவினுடையது. அதுகூடக் கவனிக்காமல் ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானித்துவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போதும் பல பெற்றோர்கள் இதே தவறைச் செய்கிறார்கள். நம் மாநிலத்தில் இடங்களை ஓப்பன் 31, பி.சி 26.5, பி.சி முஸ்லிம் 3.5, எம்.பி.சி மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி 18, எஸ்.டி 1 சதவீதம் என்று பிரிப்பார்கள். எஸ்.சி-க்கான 18-க்குள்ளேயே அருந்ததியருக்கு 3. ஓப்பன் என்பது யாருக்கும் சொந்தமில்லை, எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் மார்க்கை வைத்து அதில் வரலாம். அப்படி மேலே போகிறவர்கள் போன பிறகுதான் அந்தந்தப் பிரிவின் இடங்கள் நிரம்பும். அதனால் "கட்-ஆப் எவ்வளவு?" என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டதாக ஆகும். எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி, எந்தச் சுற்று என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். விண்ணப்பித்த பிறகு வருகிற ரேங்க் லிஸ்டில் மொத்த ரேங்க் ஒன்று இருக்கும், பிரிவுக்குள் ரேங்க் ஒன்று இருக்கும். இரண்டாவதைப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. நர்சிங் லிஸ்டில் மேலே நிற்கிற பிள்ளைகளில் பலர் எம்.பி.பி.எஸ்-க்கும் பி.டி.எஸ்-க்கும் காத்திருப்பவர்கள். வெட்னரி, அக்ரி போகிறவர்களும் அதிலேயே இருப்பார்கள். அங்கே இடம் கிடைத்ததும் இங்கிருந்து போய்விடுவார்கள். முதல் சுற்றில் நின்ற இடத்திலேயே கடைசிச் சுற்றுவரை லிஸ்ட் நிற்காது, இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது அந்தந்த வருஷத்தைப் பொறுத்தது.

2009-க்குப் பிறகு ஒரு நீல அட்டை நோட்டுப் போட்டேன். எந்தப் பிள்ளை, என்ன மார்க், என்ன பிரிவு, எந்தச் சுற்றில் எங்கே கிடைத்தது என்று வருஷா வருஷம் எழுதுவேன். ரிட்டயர் ஆன பிறகும் நிறுத்தவில்லை. ஆனால் அந்த நோட்டையும் முழுசாக நம்ப முடியாது. 2019-ல் ப்ளஸ் டூ மொத்த மார்க் 1200-லிருந்து 600 ஆனது. 2021-ல் கொரோனாவால் பரீட்சையே இல்லை. பத்தாவதிலிருந்து 50 சதவீதம், ப்ளஸ் ஒன்னிலிருந்து 20, ப்ளஸ் டூ செய்முறையிலிருந்தும் அக மதிப்பீட்டிலிருந்தும் 30 என்று எடுத்து மார்க் போட்டார்கள். அந்த வருஷத்துப் பக்கத்தை அடுத்த வருஷத்துப் பக்கத்தோடு வைத்து என்ன பார்க்க முடியும்?

விஷயத்துக்கு வருகிறேன். 2016-ல் எனக்கு டைபாய்டு வந்து, பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்திருந்தேன். முதல் நாள் ட்ரிப்ஸ் போட வந்த பெண் மூன்று இடத்தில் குத்திவிட்டு நரம்பு கிடைக்கவில்லை என்று போய்விட்டாள். அப்புறம் இன்னொருத்தி வந்தாள். கையைத் தடவிப் பார்த்து ஒரே குத்தில் ஏற்றினாள். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே, "டீச்சர், என்னத் தெரியுதா?" என்றாள்.

முக்கூடல் பிள்ளை.

நான் வேண்டாம் என்று சொன்ன பிறகு, நோட்டீஸ் பார்த்து ஒரு வருஷ "நர்சிங்" கோர்ஸில் சேர்ந்திருக்கிறாள். அம்மா பீடிக் கம்பெனியில் கிடைத்த போனஸையும் கம்மலை அடகு வைத்த பணத்தையும் கட்டியிருக்கிறார். படித்து முடித்த பிறகுதான் அந்தச் சான்றிதழை நர்சிங் கவுன்சில் ஏற்காது என்று தெரிந்திருக்கிறது. கவுன்சிலில் பதிவு இல்லை என்றால் கவர்மெண்ட் வேலைக்கு எழுத முடியாது, வெளிநாடும் போக முடியாது. அதே வேலையை அதே கையால்தான் செய்கிறாள், ஆனால் பேர் "அசிஸ்டெண்ட்". பன்னிரண்டு மணி நேர டூட்டி.

மூன்றாம் நாள் இரவு அவளிடம் சொல்லிவிட்டேன். "ஒனக்குக் கிடைச்சிருக்கும்மா. நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. காய்ச்சல் பலவீனம் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "கைய ஆட்டாதீங்க டீச்சர், ஊசி வெளிய வந்துரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

சேரன்மகாதேவிப் பிள்ளையும் அப்பாவும் சாயங்காலம் வந்தார்கள். ஒரு தார் வாழைக்காய் வேறு. திட்டினால் கேட்கவா போகிறான்.

முதலில் பிள்ளையிடம், "எதுக்கு நர்சிங்?" என்று கேட்டேன். சேவை செய்ய என்று சொல்வாள் என்று நினைத்தேன், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இவள், "ஆச்சிக்குச் சக்கரை டீச்சர். கால்ல புண்ணு. ஆறு மாசமா நாந்தான் கட்டு மாத்துதேன். மொதல்ல வாந்தி வந்துச்சு, இப்ப வரல" என்றாள். புண்ணை எப்படிக் கழுவுகிறாள், எதை முதலில் எடுப்பாள் என்று கேட்டேன். வரிசை தப்பாமல் சொன்னாள். கை கழுவுவதிலிருந்து ஆரம்பித்தாள்.

172 என்ற எண்ணுக்குள் இதற்கு இடம் கிடையாது. 1946-லேயே நர்சிங்கில் பட்டப் படிப்பு தொடங்கிய இடம் வேலூர் சி.எம்.சி. அங்கே ஒரு காலத்தில் எழுத்துத் தேர்வு முடிந்த பிறகு பிள்ளைகளை நேரில் வரவழைத்து, பேசிப் பழகிப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அதற்கு ஆகும் செலவையும், அதில் யாருக்குச் சாதகம் என்பதையும் யோசித்தால், வெறும் மார்க் லிஸ்டே பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைக்கு நல்லது என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது. இருந்தாலும் அந்த ஆச்சியின் கால் என் மனசைவிட்டுப் போகவில்லை.

பிறகு நோட்டை எடுத்து இருவருக்கும் காட்டினேன். சென்னை, மதுரை மாதிரி பழைய கவர்மெண்ட் நர்சிங் கல்லூரிகளில் இடம் குறைவு, போட்டி கடுமை. 172 அங்கே முதல் சுற்றில் சிரமம்தான் என்று ஒளிக்காமல் சொன்னேன். பிள்ளையின் முகம் வாடியது. ஆனால் தனியார் கல்லூரிகள் அரசுக்குக் கொடுக்கிற இடங்களும் இதே கவுன்சிலிங்கில்தான் வரும், பிந்தைய சுற்றுகளில் அவள் பிரிவில் வாய்ப்பு உண்டு. மூன்று வருஷ டிப்ளமோ நர்சிங்குக்குத் தனி விண்ணப்பம், அதையும் போடச் சொன்னேன். நம் ஐகிரவுண்டிலேயே அது இருக்கிறது. அதை முடித்துவிட்டுப் பிறகு ரெண்டு வருஷம் போஸ்ட் பேசிக் படித்தால் அதே பி.எஸ்ஸிதான். "டிப்ளமோவா?" என்று அப்பா இழுத்தான். ஐகிரவுண்டு வார்டில் மூன்று வருஷம் நின்ற பிள்ளைக்குத் தெரியாத வேலை ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். ராணுவ நர்சிங்குக்கும் ஜிப்மருக்கும் நீட் மார்க் வேண்டும். இவள் எழுதவில்லை, அதனால் இந்த வருஷம் அந்தப் பேச்சு இல்லை.

அப்பாவைத் தனியே கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னேன். பெங்களூரில் சீட் வாங்கித் தருகிறேன், உள்ளூரில் ஒரு வருஷத்தில் நர்ஸ் ஆக்கிக் காட்டுகிறேன் என்று எவன் வந்தாலும், கையில் பணம் கொடுக்கும் முன்னால் கல்லூரிப் பெயர் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பட்டியலிலோ இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலோ இருக்கிறதா என்று பார். உனக்குப் பார்க்கத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டு வா. பத்தாவது முடித்த பிள்ளைகளின் பெற்றோர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ப்ளஸ் ஒன்னில் "நர்சிங் குரூப்" என்ற தொழிற்பிரிவு எடுத்தால் பி.எஸ்ஸி நர்சிங் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பி.எஸ்ஸிக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். இது தெரியாமல் போன பிள்ளைகள் என் நோட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

கிளம்பும்போது அவன் மறுபடியும், "அப்போ கிடைக்குமா டீச்சர்?" என்றான்.

"ரெண்டு விண்ணப்பமும் போடு. கடைசிச் சுற்று முடியுத வரைக்கும் கிடைக்காதுன்னு நீயும் சொல்லாத, நானும் சொல்ல மாட்டேன்" என்றேன். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இப்போதே இ-சேவையில் கொடுத்துவை என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளே கொடுத்துவிட்டான்.

பிள்ளை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், அங்க நைட் டூட்டியில தூக்கம் வந்தா என்ன செய்வாங்க?" எனக்கு என்ன தெரியும்? தவளையையும் செம்பருத்திப் பூவையும் வெட்டியே காலத்தை ஓட்டியவள் நான்.

அதனால் முக்கூடல் பிள்ளைக்குப் போன் போட்டேன். 2016-லிருந்து மாதம் ஒரு தடவையாவது பேசிக்கொள்கிறோம். இந்தப் பதிவு எழுதட்டுமா என்றும் கேட்டேன். "எழுதுங்க, பேர் மட்டும் போடாதீங்க" என்றாள். பிறகு, "அந்தப் பிள்ளைய எங்கிட்ட ஒரு நா அனுப்புங்க டீச்சர். ஊசி போடுததப் பக்கத்துல நின்னு பாக்கட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள். அவளுக்குச் சனி இரவு டூட்டி, காலை எட்டு மணிக்குத்தான் முடியும். தூங்கி எழுந்திருக்க வேண்டாமா, பதினொரு மணிக்கு மேல் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.