நாலு நிமிஷம் பொறுங்க!

மின்சார ரயிலில் ஜெபம் பண்ணியிருக்கிறீர்களா? நான் ஏழு வருஷம் பண்ணியிருக்கிறேன். குரோம்பேட்டையில் ஏறினால் எழும்பூரில் இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும். பல்லாவரம் வரை ஸ்தோத்திரம். மீனம்பாக்கம் வரை அப்பாவின் உடம்பு. கிண்டி வரை இன்க்ரிமென்ட். மாம்பலத்தில் யாராவது காலை மிதித்தால் மனசுக்குள் ஒரு கெட்ட வார்த்தை, உடனே அதற்கு ஒரு பாவ அறிக்கை. சேத்துப்பட்டு வரும்போது 'ஆமென்'. ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் டாண் என்று நடந்த ஆராதனை இது.

இதில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது. பேசியது முழுக்க நான். அந்தப் பக்கம் ஏதாவது சொல்ல நினைத்திருந்தால் எந்த ஸ்டேஷனில் சொல்லியிருக்க முடியும்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் மஸ்கட்டிலிருந்து ஒரு வேலை வந்தது. அக்கவுன்டன்ட் உத்தியோகம்தான். சம்பளம் மட்டும் இங்கே வாங்கியதைப் போல மூன்று மடங்கு. வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்கள்.

நாங்கள் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் கத்தரிக்காய் வாங்குவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் 'தேவ சித்தம் என்ன?' என்று கேட்டாக வேண்டும். கேட்டேன். எப்படி? "கர்த்தாவே, வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்குள் உமது சித்தத்தைத் தெரியப்படுத்தும்." பாக்கி வராத பார்ட்டிக்கு நான் ஆபீசில் அடிக்கும் ரிமைண்டருக்கும் இதற்கும் 'தங்கள் உண்மையுள்ள' ஒன்றுதான் வித்தியாசம்.

பதில் வரவில்லை. அடையாளம் தேட ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்தால் எண்ணாகமம், கோத்திரம் கோத்திரமாக ஜனத்தொகைக் கணக்கு. ஆகா, கணக்கு வேலைக்குப் போகச் சொல்கிறார்! அன்று சாயங்காலமே ஊரிலிருந்து வந்த அத்தை ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். முதலூர் மஸ்கோத் அல்வா. மஸ்கோத்... மஸ்கட்! எனக்குப் புல்லரித்துவிட்டது. "அல்வா கொடுத்தால் என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் என் மனைவி. வேத விற்பன்னி.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தின வருஷம் அவருக்குப் பக்கவாதம். கை கால் ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சு திரும்பவில்லை. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கிறது, வார்த்தைதான் வெளியே வர மறுக்கிறது. பேச்சுப் பயிற்சி தர வந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பாகச் சொன்னார்: "அவர் ஆரம்பிச்சா நீங்க முடிச்சு வைக்காதீங்க. பொறுமையா இருங்க. அவரே சொல்லட்டும்."

தலையை ஆட்டினேன். கடைப்பிடிக்கவில்லை. அப்பா 'கா...' என்றால் "காப்பியா?" 'த...' என்றால் "தண்ணியா? தலகாணியா?" குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி கட்டத்தை நிரப்பிவிட்டு ஓடிவிடுவேன். அவர் பல தடவை இல்லை என்று தலையசைத்து, அப்புறம் போகட்டும் என்று காப்பியைக் குடித்துவிடுவார்.

புதன்கிழமை ராத்திரி. மனைவி பையனோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கரண்ட் இல்லை. செல்போனில் சார்ஜும் இல்லை. வேறு வழியே இல்லாமல் அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். அவர் 'எ...' என்றார்.

"எலுமிச்சை ஜூஸா?" இல்லை. "எந்திரிக்கணுமா?" இல்லை. "எதிர்வீட்டு மாமாவக் கூப்பிடணுமா?" இல்லை.

என் ஸ்டாக் தீர்ந்துவிட்டது. எழுந்து போகலாமென்றால் வீடே இருட்டு. சும்மா இருந்தேன். நாலு நிமிஷம் இருக்கும். யாருக்காவது நாலு நிமிஷம் பேசாமல் காத்திருந்து பாருங்கள், நாலு வருஷம் மாதிரி இருக்கும். அப்பாவின் உதடு கோணிக் கோணிக் கடைசியில் வந்தது:

"எ... எது... எதுக்கு... ல?"

எதுக்குல? ஏன்டா போகிறாய்?

யோசித்துப் பார்த்தேன். மஸ்கட் விஷயம் தெரிந்த அத்தனை பேரும் 'எப்போ?' என்றார்கள், 'எவ்வளவு?' என்றார்கள். ஃபேமிலி விசா உண்டா என்று மச்சான் கேட்டார். எதுக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஜெபத்தில் நானும் கேட்டுக்கொள்ளவில்லை. "போகவா, வேண்டாமா?" என்று கட்டம் போட்டு, டிக் அடித்துக் கொடுங்கள் என்றுதான் கர்த்தரிடம் நீட்டியிருந்தேன்.

அந்த இருட்டில் என்னிடம் பதில் இல்லை.

வியாழக்கிழமை மெயில் அனுப்பி இன்னும் பத்து நாள் கேட்டேன். ஒரு வாரம் கொடுத்தார்கள். அந்த ஒரு வாரம் விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எதுவும் கேட்பதில்லை என்று தீர்மானம். ஒளிவட்டம் ஏதும் வந்ததா என்றால், முதல் நாள் கொசு வந்தது. இரண்டாம் நாள் 7-ஆம் தேதி கட்ட வேண்டிய டி.டி.எஸ். ஞாபகம் வந்தது. மூன்றாம் நாள் குறட்டை, எனக்கே கேட்டது. நாலாம் நாள்தான் மனசு கொஞ்சம் அடங்கியது.

பி.காம். படித்தவர்களுக்கு பேங்க் ரீகன்சிலியேஷன் ஞாபகம் இருக்கும். நம் கேஷ் புக் ஒரு பாக்கி சொல்லும், பேங்க் பாஸ்புக் இன்னொரு பாக்கி சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக டிக் அடித்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். அவசரத்தில் ஆகவே ஆகாத வேலை. நான் இத்தனை வருஷமும் கேஷ் புக்கை மட்டும் எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். பாஸ்புக் என்ட்ரி போட ஒரு நாளும் கவுன்டரில் நின்றதில்லை.

அந்த வாரம் எலியாவின் கதையை மெதுவாகப் படித்தேன். யேசபேல் கொல்லப்போகிறாள் என்று பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழே விழுந்து, செத்தால் போதும் என்கிறார் அந்தத் தீர்க்கதரிசி. உடனே உபதேசம் வருகிறதா? இல்லை. சாப்பாடும் தூக்கமும் வருகிறது. மறுபடியும் சாப்பாடு. அப்புறம் 40 நாள் நடை. ஓரேப் மலையில் பெருங்காற்று, பூமியதிர்ச்சி, நெருப்பு. எதிலும் கர்த்தர் இல்லை. கடைசியில் ஒரு மெல்லிய சத்தம். அதுவும் பதிலோடு வரவில்லை, கேள்வியோடுதான் வருகிறது: உனக்கு இங்கே என்ன வேலை என்று. கிட்டத்தட்ட அப்பா கேட்ட 'எதுக்குல?'தான்!

இயேசுவே அதைத்தான் செய்திருக்கிறார். கப்பர்நகூமில் ஒரு சாயங்காலம் ஊரே அவர் வாசலில் வந்து நிற்கிறது. மறுநாள் இருட்டோடு எழுந்து தனியாகப் போய் ஜெபிக்கிறார். சீஷர்கள் தேடிப் பிடித்து, எல்லோரும் உங்களைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். ஆபீசில் நமக்கு இப்படி ஒரு டிமாண்ட் வந்தால் விடுவோமா? அவர் அடுத்த ஊர்களுக்குப் போகலாம், அதற்காகத்தான் வந்தேன் என்கிறார். கூட்டம் கூப்பிடுகிற இடம் வேறு, தன் வேலை இருக்கிற இடம் வேறு என்பது அந்த இருட்டு நேரத்துக்குப் பிறகு வருகிற தெளிவு.

சரி, மனசில் தோன்றுவதெல்லாம் கர்த்தர் சத்தமா? அல்வாவில் அடிபட்டவன் நான், அப்படிச் சொல்ல மாட்டேன். ஆபீஸ் நண்பர் ஒருவர், கத்தோலிக்கர், இக்னேஷியஸ் கதையைச் சொன்னார். சென்னை லயோலா காலேஜ் பெயரில் இருக்கிற அந்த லயோலா, ஸ்பெயினில் அவர் பிறந்த இடம். 1521-ல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்த படுக்கை. வீரசாகசக் கதைப் புத்தகம் கேட்டார், வீட்டில் இல்லை. கிடைத்தது கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்கள் கதையும். படுத்துக்கொண்டே பகல் கனவு காண்கிறார். வாள், குதிரை, ஒரு சீமாட்டி என்று கனவு கண்டால் அப்போதைக்கு ஜோர், முடிந்ததும் மனசு வறண்டுவிடுகிறது. புனிதர்களைப் போல வாழ்வதாகக் கனவு கண்டால் முடிந்த பிறகும் சந்தோஷம் தங்குகிறது. இந்த வித்தியாசத்தைக் கவனித்த மனிதர்தான் பின்னால் இயேசு சபையை ஆரம்பித்தார். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்திராவிட்டால் கவனித்திருப்பாரா?

நானும் மஸ்கட்டை மனசில் ஓட்டிப் பார்த்தேன். கார், ஏ.சி. ஃபிளாட் எல்லாம் வந்தது. கூடவே ஒன்று எட்டிப் பார்த்தது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அப்பாவின் அந்தத் திக்கலைத் தினமும் கேட்க வேண்டாமே என்கிற நிம்மதி. மாசா மாசம் பணம் அனுப்பினால் நல்ல பிள்ளை என்ற பெயரும் கிடைக்கும். என் 'எதுக்கு?'க்கு நிஜமான பதில் அதுதான்.

ஊர்ப் பெரியப்பாவுக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். சாமுவேலுக்கே தன்னைக் கூப்பிடுவது யார் என்று சொல்ல ஒரு ஏலி தேவைப்பட்டாரே! அந்த ஏலிக்கும் மூன்றாவது தடவைதானே விளங்கியது! பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெரிஞ்சு போச்சுல்லா, பொறவு என்ன?" என்று வைத்துவிட்டார்.

போகவில்லை. மஸ்கட் போனவர்களெல்லாம் தேவ சித்தத்தைத் தவறவிட்டவர்கள் என்று அர்த்தமில்லை. என் சித்தப்பா மகன் போனான், மூன்று தங்கச்சிகளைக் கரையேற்றினான். அவனிடம் 'எதுக்கு?'க்கு நல்ல பதில் இருந்தது. எனக்கு இல்லை, அவ்வளவுதான். ஒரு வருஷம் கழித்து இங்கே பார்த்த வேலையையும் விட்டேன். இப்போது வீட்டிலிருந்தே நாலு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன், பத்திரிகைக்கும் எழுதுகிறேன். வருமானம் முன்னைவிடக் குறைவு. வீட்டுக் கடன் தவணைக்கு இந்த ஆன்மிகமெல்லாம் தெரியாது, 5-ஆம் தேதி பிடித்துக்கொள்கிறது. சில ராத்திரிகளில் தப்புப் பண்ணிவிட்டோமோ என்று தோன்றுவதும் உண்டு. அதையும் காலையில் மாடிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். நாற்காலியில் ஒரு கால் உடைந்து, மாற்றியும் ஆயிற்று.

அதிலிருந்து இறங்கியதும் அப்பாவிடம் போய் உட்காருவேன். அவருக்குப் பேச்சு இப்போது தேவலாம். இந்தக் கட்டுரையை முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும் 'நீ...' என்றார்.

"நீதான் எழுதினியான்னு கேக்கிறீங்களாப்பா?" பழக்க தோஷம்! இல்லை என்று தலையசைத்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒரு நிமிஷம் கழித்து வந்தது:

"நீ... ளம்!"