றொசல்லயில் ஒரு தொட்டிச் செடி

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே மலையகப் புகையிரதப் பாதையில் அமைந்த சிறு நிலையம் றொசல்ல. 1884ஆம் ஆண்டில் ஹட்டன்வரை நீட்டப்பெற்ற அப்பாதையின் இருமருங்கும் தேயிலை மலைகளே. இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றான வட்டவளையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது; றொசல்ல அதன் அயலூர். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அவ்வூரை நனைத்த வண்ணமே இருக்கும். இத்தகைய ஊரில் ஒரு செடிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது, எத்தனை நாளைக்கொருமுறை ஊற்றுவது என்று ஒருவர் வினவின் அது நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆனால் வீட்டினுள் வைத்த செடிக்கு மழையில்லை. ஊற்றுகின்ற கை தவறினால் அச்செடிக்கு வேறு புகலிடமுமில்லை.

லயத்துக் காம்பராக்களில் வாழ்ந்தோர் செடியைத் தொட்டியில் வளர்த்தமைக்கு அழகுணர்ச்சி மாத்திரம் காரணமன்று. வாசலுக்கு அப்பாலுள்ள மண் தோட்டத்துக்குரியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும் அதன் முன்னுள்ள ஒடுங்கிய இஸ்தோப்புமே ஒரு குடும்பத்தின் உலகம். தமக்கென ஒரு பிடி மண் வேண்டுமென்று விரும்பியவர்கள் அதனைப் பால்மா டின்னில் இட்டு வைத்துக்கொண்டனர். பிகோனியா, அந்தூரியம், பன்னம் ஆகியன அந்த மங்கிய ஒளியிலும் வளரக்கூடியவை.

அவ்வாறான டின் ஒன்று, எழுபதுகளின் நடுவில், றொசல்லயைச் சேர்ந்த பெண்ணொருத்தியின் கைக்கு வந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974இல் முடிவாயிற்று. உடன்பிறந்தார் இருவர் இரு தொகைகளிலும் அடங்கிய குடும்பங்கள் பல. இப்பெண்ணின் தங்கை புகையிரதமேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் போனவள். போகும்போது பிகோனியாச் செடி நின்ற டின்னைத் தமக்கையிடம் தந்து, “தண்ணி ஊத்த மட்டும் மறந்துராதீங்கக்கா” என்றாள்.

தமக்கை மறக்கவில்லை. காலையில் மலைக்குப் போகுமுன் ஒருமுறை, மாலையில் பீலிக்கரையிலிருந்து திரும்பியதும் ஒருமுறை ஊற்றினாள். ஆடி மாதத்தில் இலைகள் வாடித் தொங்கின. தாகமென எண்ணி மேலும் ஊற்றினாள். அடித்தண்டு கறுத்துக் குழைந்தது.

வீட்டுச் செடிகள் பலவற்றின் முடிவு இதுவே. அதன் காரணம் சற்று விரித்துரைக்கத்தக்கது. வேரும் சுவாசிக்கின்றது, அதற்கு ஒட்சிசன் வேண்டும். மண்துணிக்கைகளின் இடைவெளிகளில் வளி தங்கியிருக்குமட்டுமே அது கிடைக்கும். இடைவெளி முழுவதும் நீர் நிறைந்து பல நாள் நிற்குமாயின் வேர்மயிர்கள் மடிகின்றன. ஈரத்தை விரும்பும் பங்கசுக்கள் அழுகிய வேரைப் பற்றுகின்றன. வேரிழந்த செடி நீரின் நடுவே நின்றும் நீரை உறிஞ்சமாட்டாது வாடுகின்றது. தாகத்தால் வாடும் இலையும் மிகைநீரால் வாடும் இலையும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. கண் இங்கு நம்பத்தக்க சாட்சியன்று. மண்ணைத் தொட்டே அறிதல் வேண்டும்.

வியப்பு யாதெனின், இதனை அப்பெண் முன்னரே அறிந்திருந்தாள். அவள் தோட்டத்து நாற்றுமேடையில் ஆண்டுக்கணக்காக வேலை செய்தவள். ஓரிலையும் சிறிது தண்டும் கொண்ட தேயிலைத் துண்டங்களைப் பொலித்தீன் உறைகளில் நட்டு, நிழலின்கீழ் ஆயிரக்கணக்கில் வேரூன்றச் செய்தவள். அங்கே ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தே நீர் தெளிப்பார்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் அன்று பூவாளிக்கு ஓய்வு. தொழிலில் கைவந்த அறிவு வீட்டில் கைவிட்டதேன்? நாற்றுமேடையில் ஆயிரத்துள் ஒன்று அழுகினால் அது ஒரு கணக்கு. இங்கோ ஒன்றே ஒன்று, அதுவும் தங்கையுடையது. ஊற்றாது விடுவதே அவளுக்கு அரிதாயிற்று.

இத்தனை நாளைக்கொருமுறை என்று விதி வகுத்துச் சொல்வோர் உளர். அவ்விதி எவ்வூருக்கு, எப்பருவத்துக்கு, எத்தொட்டிக்கு என்று அவர்கள் கூறுவதில்லை. சுட்ட மண்தொட்டியின் சுவர் வழியே நீர் ஆவியாகும். தகரத்திலும் பிளாத்திக்கிலும் அதற்கு வழியில்லை. ஒளி குறைந்த மூலையிலுள்ள செடிக்கு ஆவியுயிர்ப்பும் குறைவு, நீர்த்தேவையும் குறைவு. றொசல்லயின் ஆடிமாதக் காம்பராவில், ஈரவளியின் நடுவே, ஒருமுறை ஊற்றிய நீர் பத்து நாள் தங்குதலும் கூடும். தை, மாசியின் வறண்ட வெயிலில் அதே டின் மூன்று நாளில் உலரலாம். விரலை இரண்டு கணுவளவு மண்ணில் இட்டுப் பார்த்தலும், தொட்டியைத் தூக்கி எடையறிதலும் நாட்காட்டியிலும் மேலானவை. ஊற்றும்போது அரைகுறையாகத் தெளியாது அடித்துளையால் வழியுமட்டும் ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுதல் வேண்டும். அடியிற் சரளைக்கல் இட்டால் நீர் வடியுமென்பது பரவலான நம்பிக்கை; மெய்யில், நுண்மண் நன்கு ஊறி நிரம்பும்வரை நீர் கல்லிடைக்கு இறங்குவதில்லை. ஈரப்படை சற்று மேலேறி வேரை நெருங்குகின்றது, அவ்வளவே.

ஊற்றாமலே வாழ்ந்த செடியும் உண்டு. 1829இல் இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட், மூடிய கண்ணாடிக் குப்பியொன்றின் ஈரமண்ணில் பன்னமும் புல்லும் முளைத்திருக்கக் கண்டார். உள்ளே எழுந்த ஆவி கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. ஏறத்தாழ நான்காண்டுகள் புதுநீரின்றி அவை வாழ்ந்தன. அவ்வழி பிறந்த வார்ட் பெட்டிகளிலேயே றொபேட் போச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்கு அனுப்பினார். றொசல்ல நாற்றுமேடையின் பொலித்தீன் கூடாரத்துள் துளிர்த்த நீர்த்துளிகளும் அதே முறைக்குரியனவே.

அப்பெண் இறுதியில் டின்னைக் கவிழ்த்தாள். அடியில் ஒரு துளையுமில்லை. ஆணியால் ஐந்தாறு துளையிட்டு, மணல் கலந்த புதுமண் நிரப்பி, அழுகாது எஞ்சிய நுனித்தண்டு ஒன்றை நறுக்கி, தேயிலைத் துண்டம் நடும் அதே பாங்கில் நட்டாள். ஒருநாளும் தண்ணீர்க் குவளையுடன் அதனருகே போகவில்லை, விரலுடனேயே போனாள். சில வாரங்களில் புதுஇலை விரிந்தது.

இதற்கிடையில் தங்கையின் கடிதம் வந்தது. திரும்பி வந்தோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அவளுக்கு வேலை. மழையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் எழுதியபின், செடி எப்படியென்று கேட்டிருந்தாள். தமக்கை சிறிது தயங்கினாள். பின்னர், ஒரு தாய்ச்செடியிலிருந்து வெட்டிய துண்டங்கள் யாவும் அதே செடிதான் என்று நாற்றுமேடையில் சொல்லுவது நினைவுக்கு வரவே, “ஒன் செடி நல்லா இருக்கு” என்று எழுதுவித்தாள்.