பத்தொன்பது வேண்டாம், பதினேழு போதும்

அண்ணா சாலையிலிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குள் திரும்பினால் இரண்டு பக்கமும் கார் சாமான் கடைகள்தான். சீட் கவர், ஹாரன், மியூசிக் சிஸ்டம், தரை மேட் எல்லாம் வாசல் வரை வழிகின்றன. அவற்றுக்கு நடுவே சுவர் முழுக்க அலாய் வீல் மாட்டிய கடைகள். இன்று எங்களுக்கு வேலை அங்கேதான்.

என் மைத்துனர் மகன் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 வைத்திருக்கிறான். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 230 பிஎஸ் சக்தி, 350 நியூட்டன் மீட்டர் டார்க். அத்தனையும் முன்சக்கரங்கள் இரண்டுக்கே போகிறது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே வைத்தால் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவான். மற்ற நாளெல்லாம் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சென்னை ரோடுகள்தான். டயர் நான்கும் தேய்ந்துவிட்டன. ஒரு ரிம் பள்ளத்தில் அடிபட்டுப் பெண்டு எடுத்து, திரும்பவும் அடிபட்டிருக்கிறது. ஆகவே வீல், டயர் இரண்டுமே புதிதாக வேண்டும்.

கடைக்குள் நுழைந்ததும் அவன் கண் போன இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. மேல் வரிசையில் 19 இன்ச், கறுப்பு வீல், மெல்லிய ஆரங்கள். "மாமா, இதைப் போட்டா வண்டி எப்படி நிக்கும் பாருங்க!" என்றான். அழகுதான், மறுக்க மாட்டேன். கார்க்காரனுக்கு ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் வேகமான காருக்கு வீல் தேடுகிறவர் சுவரைப் பார்த்துத் தொடங்கக் கூடாது. முதலில் காரில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

கடையின் மூத்த ஃபிட்டர் அதைத்தான் செய்தார். பேச்சே இல்லாமல் ஜாக்கி போட்டு, முன்பக்க வீலைக் கழற்றி, ஒரு பழைய சாக்கின் மேல் குப்புறக் கவிழ்த்தார். பிரேக் தூசி கரியாக அப்பியிருந்தது. ஈரத்துணியால் ஆரத்தின் பின்புறத்தைத் துடைக்கத் துடைக்க, வார்ப்பிலேயே பதித்த எழுத்துகள் வெளியே வந்தன: அகலம் ஏழரை ஜே, விட்டம் 17, ஈடி 51. "இதான் தம்பி வண்டியோட ஜாதகம். இதைப் படிக்காம வீல் வாங்கக் கூடாது" என்றார்.

ஏழரை ஜே என்பது ரிம்மின் உள் அகலம், இன்ச் கணக்கில். ஈடி என்பது ஆஃப்செட். ஹப்பில் போய் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்கிறது. எண் பெரிதானால் வீல் காருக்குள் போகும், சிறிதானால் வெளியே வரும். இவற்றோடு இன்னும் இரண்டு அளவு: ஐந்து போல்ட் துளைகள் வழியே போகும் வட்டத்தின் விட்டம் 112 மில்லிமீட்டர், நடு ஓட்டை 57.1 மில்லிமீட்டர்.

டயரின் பக்கச் சுவரில் 225/45 ஆர் 17 என்று இருக்கிறது. அகலம் 225 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது 101 மில்லிமீட்டர். 17 இன்ச்சை மில்லிமீட்டராக்கி, மேலும் கீழும் இரண்டு சுவரைக் கூட்டினால் மொத்த விட்டம் 634 வருகிறது. எந்த வீல் போட்டாலும் இந்த 634ஐ விட்டு அதிகம் விலகாமல் இருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், கியர் கணக்கு எல்லாம் இதை நம்பித்தான் ஓடுகின்றன.

நான் கால்குலேட்டரை எடுத்தேன். 18 இன்ச்சுக்கு 225/40 போட்டால் விட்டம் 637. வித்தியாசம் அரை சதவீதம், கவலையே இல்லை. 19 இன்ச்சுக்கு அவன் சொன்னது 235/35. விட்டம் 647, இரண்டு சதவீதம் கூடுகிறது. முள் 100 காட்டும் இடத்தில் வண்டி முன்பைவிட 2 கிலோமீட்டர் கூடுதலாக ஓடும். இதுகூடப் பெரிய விஷயம் இல்லை. பக்கச் சுவர் 82 மில்லிமீட்டராகக் குறைகிறதே, அதுதான் விஷயம். பழைய டயரைவிட இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ரப்பரும் காற்றும் பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே காணாமல் போகிறது. 101 மில்லிமீட்டர் சுவர் இருந்தும் பெண்டான ரிம்மைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் போட்டோம்.

சுவர் குட்டையானால் ஸ்டியரிங் கூர்மையாகும் என்பது உண்மை. சுவர் வளைவது குறைவதால் வண்டி சட்டென்று திரும்பும். ஆனால் திருப்பத்தில் காரைப் பிடித்து நிறுத்துவது டயரின் ரப்பர் கலவையும், ரோட்டை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சஸ்பென்ஷனும். மேடு பள்ளமான ரோட்டில் வீல் கனமாக இருந்தால் டேம்பரால் அதை அடக்க முடியாது. டயர் துள்ளும், துள்ளும் நேரத்தில் பிடிப்பே கிடையாது.

அதனால் எடை போடச் சொன்னேன். முதலாளி முகத்தில் ஒரு தயக்கம். யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. ஆனாலும் கொக்கி மாட்டிய எலக்ட்ரானிக் தராசைக் கொண்டுவரச் சொன்னார். மேல் வரிசை 19 இன்ச் வீலைத் தொங்கவிட்டதும் எண் பதின்மூன்று கிலோவைத் தொட்டு நின்றது. கீழே ஓரமாக இருந்த 17 இன்ச், 8 ஜே வீல் ஒன்றைத் தொங்கவிட்டோம். எட்டரைக் கிலோ. பையன் குனிந்து தராசை இன்னொரு முறை பார்த்தான். இரண்டையும் ஒவ்வொரு கையில் தூக்கிப் பார்த்தான். அதற்குப் பிறகு 19 இன்ச்சைப் பற்றி அவன் பேசவில்லை.

இந்த எடை வித்தியாசம் செய்முறையிலிருந்து வருகிறது. பதின்மூன்று கிலோ வீல் சாதாரண வார்ப்பு. உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி எடுத்தது. பலம் வேண்டுமானால் தடிமனாக வார்க்க வேண்டும். எட்டரைக் கிலோ வீலின் முகம் மட்டும் வார்ப்பு. டயர் உட்காரும் பீப்பாய்ப் பகுதியைச் சூடாக்கி, சுழலவிட்டு, உருளையால் அழுத்தி நீட்டியிருக்கிறார்கள். ஃப்ளோ ஃபார்மிங் என்பது இதுதான். உலோகம் நெருங்கி இறுகுவதால் மெல்லியதாகவும் இருக்கும், அடியும் தாங்கும். இதற்கும் மேலே ஃபோர்ஜ்டு உண்டு. விலை அப்படியே மேலே ஏறும், அன்றாட காருக்கு அவசியம் இல்லை. சக்கரத்தின் எடையை இன்ஜின் சுழற்ற வேண்டும், பிரேக் நிறுத்த வேண்டும். அதிலும் ஓரத்தில் இருக்கும் எடை மையத்தில் இருப்பதைவிட அதிகம் படுத்தும். பெரிய வீலில் கனம் ஓரத்துக்குத்தான் போகிறது.

பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் வந்து, தன்னிடம் 18 இன்ச் மலிவாக இருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தோம். போல்ட் வட்டம் 114.3. "ரெண்டு மில்லிமீட்டர்தான் சார், ஏறிடும்" என்றார். ஏறும். போல்ட் சாய்வாக ஏறி, பாதி உட்காராமல் நிற்கும். 150 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரண்டு மில்லிமீட்டருக்குப் பதில் சொல்லப்போவது ஓட்டுகிறவரின் உயிர். இப்படி விற்பதை என்னால் வியாபாரம் என்று ஏற்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

அடுத்தது ஆஃப்செட். எங்கள் ஃபிட்டரின் கை நேர்த்தியை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய வீலைத் திரும்ப மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கினார். ஃபெண்டர் விளிம்பில் ஒரு நேரான அலுமினியப் பட்டையைச் செங்குத்தாக வைத்து, அதற்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தார். பிறகு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, உள்பக்கம் டேம்பருக்கும் டயருக்கும் நடுவே விரல் விட்டுப் பார்த்தார். உள்ளே அதிக இடமில்லை. வெளியே இருக்கிறது.

கணக்கும் அவர் விரலோடு ஒத்துப்போனது. பழையது ஏழரை ஜே, ஈடி 51. புதிதாக எடுத்த எட்டரைக் கிலோ வீல் 8 ஜே, ஈடி 45. அரை இன்ச் அகலத்தில் பாதி உள்ளே, பாதி வெளியே போகிறது. ஆஃப்செட் குறைந்த 6 மில்லிமீட்டர் முழு வீலையும் வெளியே தள்ளுகிறது. ஒன்றை ஒன்று கழித்தால் உள் விளிம்பு பழைய இடத்திலேயே நிற்கிறது, வெளி விளிம்பு மட்டும் 12 மில்லிமீட்டர் வெளியே வருகிறது. ஃபெண்டருக்குள் அடங்கிவிடும். அதே கடையில் பலர் விரும்பி வாங்கும் எட்டரை ஜே, ஈடி 35 போட்டிருந்தால் 29 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். நான்கு பேர் ஏறினால் பின்பக்கம் உரசும். உரசாவிட்டாலும், டயரின் நடுப்பகுதி ஸ்டியரிங் அச்சை விட்டு வெளியே போய்விடுவதால், முன்சக்கரத்தில் இவ்வளவு டார்க் உள்ள காரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். வீல் பேரிங்குக்கும் சுமை.

டயர் அளவை மாற்றவில்லை. அதே 225/45 ஆர் 17. இந்த அளவு ஏழு முதல் எட்டரை ஜே வரை ஏற்கும். 8 ஜேயில் சுவர் இன்னும் நிமிர்ந்து நிற்பதால், 19 இன்ச்சில் அவன் தேடிய ஸ்டியரிங் கூர்மையில் ஒரு பங்கு இங்கேயே கிடைத்துவிடும். 235/45 போடலாமா என்று எனக்கும் ஒரு சபலம் இருந்தது. விட்டம் 643, சுவரும் நாலரை மில்லிமீட்டர் கூடும். ஆனால் கம்பெனி கொடுத்த அளவிலேயே நிற்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும்போது டயர் அளவைப் பற்றி வாதாடும் நிலை யாருக்கும் வேண்டாம்.

வீலில் மிச்சப்பட்ட பணத்தை டயரில் போடச் சொன்னேன். பிடிப்பு அங்கேதான் இருக்கிறது. கடைக்காரர் எடுத்து வைத்த டயரில் 94 ஒய் என்று இருந்தது. 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், ஒய் என்றால் 300 கிலோமீட்டர் வேகம் வரை. 18 இன்ச் போக நினைக்கிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. 225/40 ஆர் 18 டயர் 88 என்ற சுமைக் குறியீட்டிலும் வருகிறது. அது தாங்குவது 560 கிலோதான். 92 எக்ஸ்எல் கேட்டு வாங்குங்கள், அது 630 கிலோ. பிறகு டயர் சுவரில் இருக்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம்: முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரிலும் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஐஎஸ்ஐ முத்திரையும் இருந்தது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின், புழக்கத்தில் இல்லாத அளவு ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒரு டயர் வெடித்தால் ஜோடி கிடைக்காமல் அலைய நேரும். 225/45 ஆர் 17 எளிதில் கிடைக்கிற அளவு.

மாட்டும் வேலை தொடங்கியது. புது வீலின் நடு ஓட்டை பெரியது. பல கார்களுக்குப் பொதுவாகச் செய்ததால் அப்படி. 57.1க்குக் குறுக்கும் ஹப் ரிங் போடாமல் மாட்டினால் வீல் மையத்தில் உட்காராது, வேகத்தில் ஸ்டியரிங் ஆடும். பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் அந்த ஆட்டம் நிற்காது. ஃபிட்டர் நான்கு ரிங்கையும் ஹப்பில் அழுத்திவிட்டு, வீல் தானாக நிற்கிறதா என்று கையை எடுத்துக் காட்டினார்.

கடைசியாகப் போல்ட். ஸ்கோடாவின் போல்ட் தலைக்கு அடியில் உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் வீல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு வடிவம் வேண்டும். மரை ஒன்றேதான், எம் 14, பிட்ச் ஒன்றரை. அதனால் பழைய போல்டும் உள்ளே போகும், இறுகியது போலவும் தோன்றும். ஆனால் உட்காரும் இடத்தில் ஒரு கோடு அளவுக்குத்தான் தொடும், ஓட ஓடத் தளரும். கூம்பு போல்ட் இருபதும் புதிதாக வாங்கி, டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்துக் குறுக்கு வரிசையில் இறுக்கினார். காற்றுத் துப்பாக்கியை அவர் தொடவே இல்லை.

புது வீல் போட்டவர்கள் நூறு கிலோமீட்டருக்குள் போல்ட்டை ஒருமுறை டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள். காற்றழுத்தத்துக்கு டயரில் எழுதிய எண்ணை எடுக்காதீர்கள். அது டயர் தாங்கும் உச்ச அழுத்தம். பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். கழற்றிய உருண்டைப் போல்ட்களில் ஐந்தை டிக்கியில் போட்டு வையுங்கள். ஸ்டெப்னி இன்னும் கம்பெனி ரிம்தான், அதற்கு அவைதான் பொருந்தும்.