கொல்லையில் ஒரு சீமையத்தி

காய்களைப் பறித்து அரிசிப் பானைக்குள் வைத்தது என் பிழைதான். மாங்காயை வைக்கோலில் மூடியும், வாழைத்தாருக்குப் புகை மூட்டியும் பழுக்க வைத்துப் பழகிய வீடு எங்களுடையது. அத்தியும் அவ்வாறே பணியும் என்று நினைத்தேன். “ஏய்யா, குருவிக்குப் பயந்து பச்சையாப் பறிச்சிட்டியே” என்றார் அம்மா. நான்காம் நாள் பானையைத் திறந்தபோது மூன்று காய்களும் தோல் சுருங்கிக் கிடந்தன. பறித்த பின் கனிகிற இனமன்று அத்தி; கனியவேண்டியது கிளையிலேயே கனிந்தாக வேண்டும்.

என் மனம் வாடக் கூடாதென்று அம்மா அவற்றுள் ஒன்றைப் பிட்டு வாயிலிட்டார். சற்று நேரத்தில் உதடு அரிக்கத் தொடங்கியது. அத்திப்பாலில் ஃபிசின் என்னும் நொதி உண்டு; அது புரதத்தைச் சிதைப்பது. எண்பது வயதில், பல்லிழந்த வாய்க்கு நான் கொடுத்த முதல் அத்தி அது.

அந்த மரம் நண்பர் ஒருவர் வீட்டிலிருந்து ஒரு சாண் குச்சியாக வந்தது. மகாராட்டிரத்தில் பெயர்பெற்ற புனே அத்தி வகை. நீர் தேங்காத மேடாகப் பார்த்துத் தை மாதத்தில் ஊன்றினேன். வேர்பிடிக்க அது என்னைச் சோதிக்கவில்லை. இரண்டாம் ஆண்டே இலைக்கக்கங்களில் காய் விட்டது. பூவைத்தான் காணவில்லை.

‘அத்தி பூத்தாற்போல’ என்னும் உவமைத்தொடரை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். ‘அரிதாக’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த தொடருக்குச் சென்றுவிடுவேன். “நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” என்று மாணவர் எவரேனும் கேட்டிருந்தால் திகைத்திருப்பேன். எவரும் கேட்கவில்லை. இளங்காய் ஒன்றை நெடுக்காக அரிந்து பார்த்த அன்றுதான் எனக்கே விளங்கிற்று. உட்சுவரெங்கும் நூற்றுக்கணக்கான நுண்பூக்கள் உள்நோக்கித் தலைநீட்டி நின்றன. காயென்று நாம் சொல்வது பூக்களைப் பொதிந்து வைத்த ஒரு பை. அதன் நுனியிலுள்ள சிறு துளையே வாசல். அத்தி பூப்பது அரிதன்று. அதைக் காண்பதுதான் அரிது.

நாட்டத்தியில் அவ்வாசல் வழியே மிகச் சிறிய குளவியொன்று நுழைந்து, முட்டையிட்டு, உள்ளேயே மடிகிறது. அம்முட்டைகளிலிருந்து வளரும் இளங்குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வேறு காய்களைத் தேடிச் செல்கின்றன. சிறுமியாக இருந்தபோது ஆற்றங்கரையில் பொறுக்கிய பழங்களில் அம்மா கண்டவை அவைதாம். புனே அத்திக்கோ அக்குளவியின் உதவி வேண்டியதில்லை; மகரந்தச் சேர்க்கையின்றியே கனியும். இதையெல்லாம் விளக்கியபோது அம்மா சிரித்தார். “பூச்சியில்லாத அத்தியா? பிட்டுப் பார்த்தால்தானே தெரியும்?”

பிட்டுப் பார்க்கப் பழமில்லை. மழைக்காலத்தில் இரண்டாம் முறை காய்த்தவை வெடித்துப் புளித்துப் போயின. அந்த மழையோடு அம்மாவும் படுக்கையில் விழுந்தார். உணவு குறைந்தது, பேச்சும் குறைந்தது. இலையுதிர்ந்து நின்ற மரத்தைக் கவாத்து செய்தபோது, அடுத்த காய்ப்பை அவர் காண்பாரா என்ற நினைவு வராமலில்லை.

மாசியில் புதுத்தளிர்களோடு காய்கள் வந்தன. பழைய கொசுவலையைச் சிறு பைகளாகத் தைத்துக் கட்டினேன். நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்தவை பிறகு வாரக்கணக்கில் அப்படியே நின்றுவிட்டன. நோயோ, நீர்க்குறைவோ என்று கலங்கினேன். அத்தியின் வளர்ச்சியில் அப்படியோர் இடைநிறுத்தம் உண்டு என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். இறுதிச் சில நாள்களில்தான் அது திடீரெனப் பருத்து நிறம் மாறுகிறது.

ஒரு விடியலில் கீழ்க்கிளைப் பழம் ஒன்று கழுத்தொடிந்ததுபோல் தொங்கிற்று. கத்தரி நிறத் தோலில் மெல்லிய வெண்கீறல்கள். நுனித்துளையில் தேன்போல் ஒரு துளி. விரலால் சற்றே உயர்த்தினேன், கையோடு வந்துவிட்டது. காம்பில் பால் கசியவில்லை.

அம்மாவைத் தலையணையில் சாய்த்து அமர வைத்தேன். பழத்தை இரண்டாகப் பிட்டுச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பூச்சியைத் தேடுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. பின்பு இரு பாதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றார். “இன்னொண்ணு இருக்காய்யா?”

அத்தி ஒரே நாளில் மொத்தமாகப் பழுப்பதில்லை. நாளைக்கு ஆகும் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் இருட்டிலேயே கைவிளக்கோடு கொல்லைக்குப் போனேன். அடுத்த பழம் நிறம் மாறியிருந்தது; கழுத்து மட்டும் நிமிர்ந்தே நின்றது. தொட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கு மறுநாள் அது தலை சாய்ந்தது. கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அம்மா பிட்டுப் பார்க்காமலே கடித்தார்.