கால்மாட்டில் ஒரு இடம்

"லேடீஸ் எல்லாம் வெளியே போங்கம்மா." பதினெட்டு வருட நர்ஸ் வேலையில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ! இதயம் நின்றதும் திரையை இழுப்போம், உடனே பெண்களை வெளியேற்றுவோம். மகனோ மருமகனோ கதவோரம் நின்றால் விட்டுவிடுவோம். கையெழுத்துப் போட, மருந்து வாங்க ஓட ஒரு ஆள் வேண்டுமே. மனைவி என்றால் கத்துவாள், மயங்கி விழுவாள் என்பது எங்கள் கணக்கு.

அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவர் ஒரு அக்கா. கணவரை மூன்று வருடம் டயாலிசிஸுக்கு அழைத்து வந்தவர். வாந்தியும் மலமும் அள்ளியவர். சர்க்கரைப் புண்ணுக்கு எங்களைவிடச் சுத்தமாகக் கட்டுப் போடுவார். கணவருக்கு இதயம் நின்ற இரவில் அவர் தோளைப் பிடித்து நான்தான் வெளியே தள்ளினேன். கணவரின் தம்பி உள்ளே நின்றார். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்த வேண்டும். விலா எலும்பு முறியும் சத்தம்கூடக் கேட்கும். அதைக் கேட்டு அந்தத் தம்பிதான் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தேன். அக்கா அழவில்லை. "அவருக்குக் கால் சில்லுன்னு ஆயிடும். யாராச்சும் புடிச்சிருந்தீங்களா சிஸ்டர்?"

யாரும் பிடிக்கவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்சன் நகரிலுள்ள ஃபூட் மருத்துவமனை 1982லேயே உறவினரை உள்ளே விடத் தொடங்கியிருக்கிறது. பிரான்சில் 570 உறவினர்களிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. அருகில் இருந்து பார்த்தவர்களைவிடப் பார்க்காதவர்களுக்கே பின்னால் மன அதிர்ச்சி அதிகம். சிகிச்சைக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் அது ஆம்புலன்ஸ் குழு வீட்டுக்கே போய்ச் செய்த சிகிச்சை. கட்டில்களுக்கு நடுவே கால் வைக்க இடமில்லாத எங்கள் கேஷுவாலிட்டியில் நடக்காது என்று டாக்டர்கள் சொல்வதும் முழுப் பொய்யில்லை. உள்ளே நிற்பவருக்கு நடப்பதைச் சொல்ல ஒருவர் கூடவே வேண்டும். அந்த ஒருவரும் நர்ஸ்தான், வேறு யார்?

இப்போது நான் கேட்கிறேன்: "உள்ளே இருக்கீங்களாம்மா?" சிலர் வேண்டாம் என்பார்கள். போன மாதம் ஒரு பாட்டி அப்படித்தான், தாத்தாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவிலேயே இருந்துவிட்டார். அடுத்த வாரம் வந்த பெண் இருக்கிறேன் என்றாள். கால்மாட்டில் நிறுத்தினேன். கணவன் பாதத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யாரு சிஸ்டர் இவங்கள உள்ள விட்டது?" என்று டாக்டர் கத்தினார்.

அட்ரினலின் ஊசியை ஏற்றிக்கொண்டே "நான்தான் சார்" என்றேன்.