எதனை எதனோடு ஒப்பிடுகிறோம்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

ஆங்கிலம் என்றதும் நம்மில் பலருக்கு ஓர் அச்சம். "வீட்டில் பேசிப் பழகியவர்களுக்குத்தான் வரும், காதே சொல்லிக் கொடுத்துவிடும்" என்பார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் காதுக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஆயினும், ஆங்கிலத்தின் ஒரு பகுதியைக் காதால் அன்றி அறிவாலேயே பிடித்துவிடலாம் என்று இந்த ஈராண்டுகளில் கண்டுகொண்டேன். அதைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளவே இச்சிறு கட்டுரை.

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: "தி பாய்லிங் பாயிண்ட் ஆஃப் வாட்டர் இஸ் ஹையர் தேன் எத்தில் ஆல்கஹால்." கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் இருப்பது வெப்பநிலை. மறுபக்கம் இருப்பது திரவம். 100 டிகிரி செல்சியஸை ஒரு குடுவை ஆல்கஹாலோடு எப்படி ஒப்பிடுவது? "தேன் தட் ஆஃப் எத்தில் ஆல்கஹால்" என்று எழுதிவிட்டால், 100 டிகிரியும் 78 டிகிரியும் நேருக்கு நேர் நிற்கும். இந்தத் "தட் ஆஃப்" நமக்குப் புதிதன்று. "ஆல்கஹாலினுடையதைவிட" என்று தமிழில் சொன்னால், நாம் படித்த ஆறாம் வேற்றுமை அதற்குள் இருக்கிறது அல்லவா?

இன்னொன்று: "எ நம்பர் ஆஃப்", "தி நம்பர் ஆஃப்". பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், பொருளோ வேறு. முன்னது "பல", பின்னது "எண்ணிக்கை". பல தனிமங்கள் உலோகங்கள் என்னும்போது, "எ நம்பர் ஆஃப் எலிமெண்ட்ஸ் ஆர் மெட்டல்ஸ்." கார்பன் அணுவில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை 6 என்னும்போது, "தி நம்பர் ஆஃப் எலக்ட்ரான்ஸ் இன் எ கார்பன் ஆட்டம் இஸ் சிக்ஸ்." எலக்ட்ரான்கள் பல, எண்ணிக்கை ஒன்றே. ஆகவே "இஸ்".

என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு கடைகளின் அரிசி விலையைச் சொன்னால், "படிக்கா, கிலோவுக்கா?" என்று கேட்காமல் எது மலிவு என்று சொல்லமாட்டார். விலையை விலையோடு, அதுவும் ஒரே அளவில்தான் ஒப்பிட வேண்டும் என்பது அவருக்குப் பள்ளி சொல்லித் தந்ததன்று. ஆங்கில வாக்கியம் நம்மிடம் கேட்பதும் அதே கவனத்தைத்தான்.

உச்சரிப்புக்கும் சரளமான பேச்சுக்கும் பழக்கம் வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். தெளிவாக எழுதுவதற்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை ரெக்கார்டு நோட்டு எழுதும்போது, "எதைப் பற்றிச் சொல்கிறேன்? எதனோடு ஒப்பிடுகிறேன்?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விகளைத் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.