கழுவிய பிறகுதான் சாப்பாடு

குடகு மலையில் நடவு முடிந்ததும், செப்டம்பர் தொடக்கத்தில் ‘கைல்போள்து’ வரும். நம் ஆயுத பூசையைப் போல அது கொடவர்களின் ஆயுதத் திருநாள். நடவுக் காலம் முழுக்கப் பூசை அறையில் ஓய்ந்திருந்த துப்பாக்கிகளை அன்று வெளியே எடுத்து, துடைத்து, பூச்சூட்டிக் கும்பிடுவார்கள். சூட்டுகிற பூவுக்குத் ‘தோக்கு பூ’ என்றே பெயர். ‘தோக்கு’ என்றால் துப்பாக்கி. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்களே, அந்தக் கண்வலிக்கிழங்கின் பூதான் அது.

விராஜ்பேட்டைக்குப் பக்கத்தில் காப்பியும் மிளகும் கொஞ்சம் நெல்லும் வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு வயது 78. அவர் வீட்டில் இருப்பது அப்பா காலத்துத் துப்பாக்கி. தோட்டா போடுவது அல்ல. வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டிக் கம்பியால் கெட்டிப்பது. கொடவர் வழக்கப்படி, வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வேட்டு. யாரேனும் இறந்தால் இரண்டு வேட்டு. “இனி இதுக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. என் ரெண்டு வேட்டு ஒழுங்கா வெடிக்கணும்” என்று பெரியவர் சிரித்துக்கொண்டே சொல்வார். மகன் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்.

கைகள் நடுங்க ஆரம்பித்துவிட்டதால், இந்த முறை துடைக்கும் வேலைக்குக் கல்லூரியில் படிக்கும் பேத்தியை உட்கார வைத்தார். அவள் துணியை எடுத்ததுமே தடுத்தார்.

“முதல்ல காலியான்னு பாரு.”

“போன வருஷமே சுட்டாச்சே, அஜ்ஜா. காலிதான்.”

“அதை நீ சொல்லக் கூடாது. கம்பி சொல்லணும்.”

மருந்தைக் கெட்டிக்கும் கம்பியில் அவருடைய அப்பா ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார். குழல் காலியாக இருந்தால், கம்பியை உள்ளே விட்டதும் கோடு சரியாகக் குழல் வாயில் நிற்கும். பேத்தி கம்பியை விட்டாள். கோடு நான்கு விரல் மேலேயே நின்றது.

வீடு அமைதியானது. போன வருடம் மைதானத்தில் பல வீட்டுத் துப்பாக்கிகள் ஒன்றாக வெடித்தன. இதில் கேப் மட்டும் ‘டப்’ என்றது. உள்ளிருந்த மருந்து பற்றவில்லை. அந்தச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். “நாளைக்குக் கழுவிக்கலாம்” என்று மகன் மேலாக எண்ணெய் தடவிப் பூசை அறையில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இதே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு வீட்டிலிருக்கும் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பெரியவர் திட்டவில்லை. குழலின் வாயை ஆள் இல்லாத தோட்டத்துப் பக்கம் திருப்பி வைத்து, குழல் நிறையத் தண்ணீர் ஊற்றினார். நனைந்த கருமருந்து பற்றாது. ஒரு பகல் ஊறவிட்டு, ஈரம் காய்வதற்குள் நுனியில் திருகு வைத்த கம்பியால் உள்ளே அடைத்திருந்த துணியைப் பிடித்து இழுத்தார். பின்னாலேயே மருந்து கருங்குழம்பாக வந்தது. ஐம்பது வருடம் பழகிய கை அது. மற்றவர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்கக் கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

வெந்நீர்தான் மருந்து

கருமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பு என்பது நாம் இலைவழியாகத் தெளிக்கும் 13:0:45 உரத்தில் இருக்கும் அதே பொட்டாசியம் நைட்ரேட். எரிந்த பிறகு மருந்தில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் வெள்ளைப் புகையோடு வெளியே போகும். மீதி குழலுக்குள் படியும். அதில் விறகுச் சாம்பலில் இருக்கும் காரமும், கந்தகம் சேர்ந்த உப்புகளும் உண்டு. மழைக்காலத்தில் சாம்பல் நசநசத்துப் போவதைப் போல இதுவும் காற்றின் ஈரத்தை இழுக்கும். குடகு மழையில் இரும்பு துருப்பிடிக்க ஓர் இரவு போதும்.

இந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கழுவாமல் எண்ணெய் தடவினால், கரியும் எண்ணெயும் தார் போலக் கெட்டியாகி ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். போன வருடம் நடந்தது அதுதான்.

பேத்தி மரக்கட்டையிலிருந்து குழலைக் கழற்றினாள். கேப் மாட்டும் சிறு மூக்கையும் திருகி எடுத்தாள். குழலின் அடிப்பக்கத்தைச் சோப்புக் கலந்த வெந்நீர் வாளியில் நிறுத்தி, கம்பியில் துணி சுற்றி மேலும் கீழும் இழுத்தாள். மூக்கு இருந்த துளை வழியாகத் தண்ணீர் பம்பு போல ஏறி இறங்கியது. கறுப்புத் தண்ணீர், கூடவே அழுகிய முட்டை நாற்றம். நான்கு வாளி மாற்றிய பிறகுதான் தெளிந்தது. கடைசியாகக் கொதிக்கும் வெந்நீர் ஊற்றினால் குழல் சூடேறித் தானாகவே காயும். மூக்கின் துளையை ஊசியால் குத்திப் பார்த்தாள். கேப்பின் நெருப்பை மறித்த அடைப்பு அங்கேதான் இருந்தது. நன்றாகக் காய்ந்த பிறகே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு.

கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் ஆயுத உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. நமக்கு அந்த விலக்கு இல்லை. பயிர்ப் பாதுகாப்புக்கான இந்த வகைத் துப்பாக்கிக்கும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் இருப்பதால் மட்டும் காட்டு விலங்கைச் சுடும் அனுமதி கிடைத்துவிடாது. அதற்கு 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனி.

திருநாளன்று மைதானத்தில் பேத்திதான் சுட்டாள். அவள் பிறந்தபோது அந்த வீட்டில் வேட்டு வெடிக்கவில்லை. பெண் குழந்தைக்கு அந்த வழக்கம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பன்றிக்கறியும் கடம்புட்டும் மணத்தன. “எல்லாரும் உட்காரட்டும், நாளைக்குக் கழுவிக்கலாம்மா” என்றார் அப்பா. அவள் கேட்கவில்லை. கம்பியை விட்டுக் கோட்டைப் பார்த்தாள். பிறகு அடுப்பில் வெந்நீர் போட்டாள். கழுவி முடித்து அவள் வந்து உட்காரும்வரை பெரியவரும் இலையில் கை வைக்கவில்லை.

மூன்றாம் நாள் மறுபடியும் வெள்ளைத் துணியைக் குழலுக்குள் விட்டு இழுத்து, அவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. துரு இல்லை.

“சரி, உள்ளே வை” என்றார்.